சாராயமா, விஸ்கியா: ஹட்டனில் ஒரு சவர் கலக்கிப் பார்த்த கதை

தம்பி டுபாயிலிருந்து லீவில் வந்தபோது பெட்டியிலிருந்து கடைசியாக எடுத்தது ஒரு சின்ன எவர்சில்வர் அளவுக் கிண்ணம். இடுப்பு ஒடுங்கிய உடுக்கை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் 30 மில்லி, கவிழ்த்தால் மறுபக்கம் 60. ஐந்து வருடமாக ஒரு ஹோட்டல் பாரில் வேலை செய்கிறவன். கரண்டியும் கத்தியும் போல அதுவும் அவனுக்குத் தொழில் சாமான். அன்று இரவே, "அக்கா, உனக்கு ஒரு விஸ்கி சவர் போட்டுத் தரவா?" என்றான். வீட்டில் விஸ்கி இல்லை. மாமா வந்தால் கொடுக்க வைத்திருந்த தென்னஞ்சாராயம்தான் அரைப் போத்தல் இருந்தது. "சாராயத்துல சவரா?" என்று அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் லீவு முடியும்வரை அந்த வாக்குவாதம் ஓடியது. எதையெல்லாம் எதோடு வைத்துப் பார்த்தோம், கடைசியில் எது நின்றது என்பதுதான் இது.

சவர் (ஆங்கிலத்தில் புளிப்பு) என்பது மூன்றே மூன்று பொருள்: ஏதாவதொரு மது, ஒரு புளிப்பு, ஓர் இனிப்பு. ஐஸோடு குலுக்கி வடித்தால் முடிந்தது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அமெரிக்கர்கள் குடித்துவரும் சாமான். ஆனால் அதற்கு மூத்த உறவான பஞ்ச், கிழக்கே வந்த கப்பல்காரர்கள் பழகிக்கொண்டு போனது. சாராயம், தேசிக்காய், சீனி, தண்ணீர், வாசனைத் திரவியம் என்று ஐந்து சேர்வதால் பஞ்ச் என்ற பேர் வந்தது என்று சொல்வார்கள். பஞ்சாமிர்தத்தில் ஐந்தைக் குறிக்கிற அதே 'பஞ்ச'. ஆக, சாராயம் போட்டால் சவர் கெட்டுப்போகும் என்ற தம்பியின் வாதத்துக்கு வரலாற்றுப்படி அவ்வளவு பலமில்லை.

மாமாவுக்குப் பேரே விளங்கவில்லை. "சவர்னா உப்புத் தண்ணி இல்ல? கடற்கரைப் பக்கம் கிணத்துல சவர்த் தண்ணின்னு சொல்வாங்களே" என்றார். அவர் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாக் குசினியில் பல வருடம் நின்றவர். விருந்தாளிகள் வரும் நாட்களில் தேசிக்காய் பிழிந்து, சீனி கரைத்து, முட்டையின் வெள்ளையைப் பிரித்து ட்ரேயில் வைத்துக் கொடுத்திருக்கிறார். எல்லாம் சேர்ந்து என்ன ஆகிறது என்று ஒருநாளும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

முதலில் போத்தல் விஷயம். இங்கே நமக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது. வெளிநாட்டு விஸ்கி, விலை குறைந்த கலப்புச் சாராயம், மரப் பீப்பாயில் கிடந்து முதிர்ந்த சுத்தத் தென்னஞ்சாராயம், ஜின். ஜின்னை உடனே ஒதுக்கிவிடலாம். கெட்டதென்று இல்லை. ஜின் இருந்தால் டொனிக் ஊற்றிக் குடிப்பதுதான் சுகம், அதற்குக் குலுக்கல் மெனக்கெடல் எதுவும் வேண்டாம். டொனிக்கின் கசப்பு, சிங்கோனா மரப்பட்டையில் எடுக்கும் கொயினாவிலிருந்து வருவது. அந்த சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான் 1861இல் நுவரெலியாவுக்குக் கீழே ஹக்கலையில் தோட்டம் போட்டார்கள். இப்போது நாம் ரோசாப்பூப் பார்க்கப் போகிற அதே ஹக்கலை.

விஸ்கி சவருக்குத் தம்பி கேட்பது அமெரிக்க பேர்பன். சோளத்தில் வடித்து, உள்பக்கம் கரித்த புது ஓக் பீப்பாயில் வைப்பதால் அதில் வனிலாவும் எரிந்த சீனியும் சேர்ந்த ஒரு வாசம் இருக்கும். புளிப்பும் இனிப்பும் அதன்மேல் நன்றாக உட்காரும். ஆனால் ஹட்டனில் அதைத் தேடிப் பிடித்து, வரியெல்லாம் கட்டி வாங்கினால் ஒரு போத்தலுக்குக் கொடுக்கும் காசில் பிள்ளைக்கு சப்பாத்தும் புத்தகப் பையும் வாங்கிவிடலாம். இங்கே லேசாகக் கிடைப்பது ஸ்கொச். கலப்பு ஸ்கொச்சில் சவர் போட்டோம். பரவாயில்லை. ஆனால் அந்தப் புகை வாசம் தேசிக்காயோடு முரண்டு பிடித்தது. அதைக் குடித்தபோது, இந்த விஸ்கியைச் சும்மா தண்ணீரோடு குடித்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. விலை கூடிய ஒன்றைக் கலந்து அதன் விலையை மறைப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

கலப்புச் சாராயம் என்று நான் சொல்வது, தென்னஞ்சாராயம் கொஞ்சமும் சீனி ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகுக் கழிவில் வடித்த வெறும் ஸ்பிரிட் மிச்சமுமாகச் சேர்ந்தது. விலைக்குப் பார்த்தால் அதுதான். சவரில் போட்டால் புளிப்பும் இனிப்பும் முன்னால் நிற்கும், பின்னால் தொண்டையைச் சுடும் ஒரு காரம் தவிர வேறு எதுவும் இருக்காது. ஒரு கூட்டத்துக்கே பெரிய ஜக்கில் கலக்குவதானால் சரி. ஒரு கிளாஸுக்கு வேண்டாம்.

நின்றது முதிர்ந்த தென்னஞ்சாராயம். களுத்துறை, வாத்துவைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, நிலத்தில் கால் படாமல் மரம் மரமாக நடந்து பாளையிலிருந்து கள்ளு இறக்குவார்கள். இறக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும், ஈஸ்ட் போடத் தேவையில்லை. அதை வடித்து ஹல்மில்ல மரப் பீப்பாயில் போட்டு வைப்பார்கள். அந்த மரம் ஓக் போல வனிலாவை அள்ளிக் கொடுக்காது, மெதுவான மரம். அதனால் கள்ளின் பூ வாசம் மிச்சம் இருக்கும். கிளாஸை மூக்கின் கீழே வைத்து ஒரு நிமிடம் பொறுத்தால் முதலில் ஸ்பிரிட் நெடி போகும், பிறகு பழுத்த வாழைப்பழமும் லேசான கருப்பட்டியும் மாதிரி ஒன்று வரும். தேசிக்காய்ச் சாறு பட்டவுடன் அந்த வாசம் இன்னும் தூக்கலாகியது. அப்போதுதான் தம்பி வாயை மூடினான்.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொன்னது அவன்தான், அந்தப் பெருமை அவனுக்கே. எங்கள் போத்தலின் லேபிளில் மதுசாரம் 33.5 சதவீதம் என்று இருந்தது, ஸ்கொச்சில் 40. வெளிநாட்டு முறைப்படி இரண்டையும் 60 மில்லி ஊற்றினால் விஸ்கியில் 24 மில்லி மதுசாரம், சாராயத்தில் 20 மட்டும். இதில் ஐஸ் கரைந்து இன்னும் முப்பது மில்லி தண்ணீர் சேரும். முதல் நாள் நாங்கள் போட்ட சாராயச் சவர் தண்ணியாக இருந்ததற்குக் காரணம் சாராயத்தின் தரமில்லை, அளவு. 70 ஊற்றியதும் சரிவந்தது. 60க்குமேல் போக மனமில்லையென்றால் புளிப்பையும் இனிப்பையும் கொஞ்சம் குறைத்து, குலுக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும்.

இந்த அளவுக் கிண்ணம் எனக்குப் பிடித்துப்போனதற்கு வேறு காரணமும் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சாராயம் என்பது லேசான சொல் இல்லை. சம்பள நாள் இரவில் லயத்துக் காம்பராக்களில், அந்த வரிசை வீட்டு அறைகளில், என்ன சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியும், பக்கத்துக் காம்பரா அக்கா விடியும்வரை எங்கள் குசினியில் உட்கார்ந்திருந்ததும் தெரியும். எங்கள் அம்மா இன்றும் போத்தலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 70 என்றால் 70, ஒருவருக்கு ஒன்று, அதற்குமேல் இல்லை என்று அளந்து வைத்த பிறகுதான் அவர் எங்களோடு வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சாராயமில்லாமல் தேசிக்காய், பாகு, சோடா.

வாங்குவதற்கு யார் போவது என்பதும் ஒரு கேள்விதான். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979இல் வந்த விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பச் சொன்னார். கலப்பதும் அளப்பதும் நான், கடைக்குப் போனது தம்பி. போயா நாளில், பௌர்ணமியன்று, கடை பூட்டு என்பதை டுபாய்க்காரன் மறந்துபோய் மழையில் நனைந்து வெறுங்கையோடு வந்த கதையும் உண்டு.

புளிப்பில் பெரிய சண்டை இல்லை. விஸ்கிக்கு லெமன், ரம்முக்கும் சாராயத்துக்கும் தேசிக்காய். லெமனின் புளிப்பு மெல்லியது, விஸ்கியின் தானிய வாசத்தோடு போகும். தேசிக்காயின் புளிப்புக்கு ஒரு கசப்பு விளிம்பு இருக்கிறது, அது சாராயத்தின் இனிப்பு வாசத்தைப் பிடித்து நிறுத்தும். நல்லவேளையாக நமக்குக் கிடைப்பதும் தேசிக்காய்தான். எல்லாம் கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏறி வருவது, காலத்துக்குக் காலம் விலை குதிக்கும். பிழிந்து வைத்தால் சில மணி நேரத்தில் கசக்கத் தொடங்கிவிடும், ஆகவே அவ்வப்போது பிழியுங்கள். 25 மில்லிக்கு நடுத்தரக் காய் ஒன்று, சின்னதென்றால் இரண்டு. தேசிக்காய் தங்க விலை விற்கும்போது கொடித்தோடை நல்ல மாற்று: விதை வடித்த சாறு 20 மில்லி, அதோடு தேசிக்காய் ஒரு தேக்கரண்டி. ருசி அருமை, ஆனால் கொடித்தோடை வந்துவிட்டால் சாராயம் பின்கட்டுக்குப் போய்விடும். நாரத்தை வேண்டாம். அதன் இடம் ஊறுகாய்ப் போத்தல்.

இனிப்பில்தான் நான் தோற்றேன். சாராயச் சவர் என்றதுமே என் மனதில் கித்துள் பாணிதான். வேறென்ன போடுவார்கள்? கித்துள் பாளையைச் சீவி, வரும் பதநீரை விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சி இறக்குவது. அந்தப் புகையும் கருமையும் வேறெதிலும் வராது. தயிருக்கு அதைவிட ஒன்று உண்டா? சாராயம் நம் நாட்டுத் தென்னை, பாணி நம் நாட்டுக் கித்துள், இரண்டும் பனைச் சாதி, சேர்ந்தால் ஜோர் என்று நினைத்தேன்.

சேரவில்லை. குளிர்ந்த கிளாஸில் கித்துள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. சாராயத்தின் பூ வாசம் போன இடம் தெரியவில்லை. நிறமும் சேற்றுத் தண்ணீர் மாதிரி. அத்தோடு பாணி தடிப்பு, ஐஸில் பட்டதும் கிளாஸின் அடியில் கட்டியாக உட்கார்ந்துகொண்டது. சுடுதண்ணீரில் கரைத்துப் போட்டால் கட்டாது. 15 மில்லி பாணிக்கு 10 மில்லி தண்ணீர். ஆனால் ருசிப் பிரச்சினை அப்படியேதான். கொழும்பு ஹோட்டல்களில் கித்துள் சவர் என்று விற்பது சுற்றுலாக்காரருக்குப் பேர் சொல்லத்தான் என்ற முடிவுக்கு இப்போது வந்திருக்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

தேனும் போட்டோம். நல்ல தேன் என்றால் அதன் வாசமும் சாராயத்தின் வாசமும் ஒன்றையொன்று மிதிக்கும், கெட்ட தேன் என்றால் அது வெறும் சீனிப்பாகுதான். வெள்ளைச் சீனிப் பாகு குறை சொல்ல முடியாதது, சுத்தமாக ஒதுங்கி நின்று வேலை பார்க்கும். ஆனால் வென்றது சிவப்புச் சீனி. பெல்வத்தை, செவனகலை ஆலைகளிலிருந்து வருகிறதே, தேத்தண்ணிக்குப் போட்டால் சிலர் முகம் சுளிக்கிற அதே சீனி. அதில் கரும்பின் வாசம் ஒரு நிழல் அளவுக்கு இருக்கிறது. கித்துள் கேட்கிற இடத்தில் கால்வாசியைக்கூட அது கேட்பதில்லை. ஒரு கோப்பைச் சீனிக்கு ஒரு கோப்பைத் தண்ணீர், சீனி கரையும்வரை மட்டும் சூடாக்கி இறக்குங்கள். கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்றி அளவு மாறிவிடும். ஆறியபின் போத்தலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை.

அடுத்தது நுரை. சவரின் மேலே வெள்ளை மெத்தை மாதிரி நுரை நிற்க முட்டையின் வெள்ளைக்கரு போடுவது பழைய முறை. அரை முட்டையின் வெள்ளை போதும். முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கி நுரை கட்டவைத்து, பிறகு ஐஸ் போட்டு மறுபடி குலுக்க வேண்டும். மாமாவுக்கு அந்தப் பங்களா நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. "கோழி இட்ட அன்னைக்கே முட்டையை எடுத்துடணும்மா, இல்லன்னா கிளாஸுல வாடை அடிக்கும்" என்றார். அது உண்மை, முட்டை பழையதானால் நுரை வற்றும்போது நனைந்த நாய் மாதிரி ஒரு நெடி கிளம்பும். பச்சை முட்டையில் கிருமிப் பயமும் இருக்கிறது. தம்பியின் ஹோட்டலில் சூடாக்கிப் பதப்படுத்திய வெள்ளைக்கரு பெட்டியில் வருமாம். இங்கே அதற்கு எங்கே போவது?

விடை எங்கள் குசினியிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை, பிள்ளையாருக்குக் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். இரவே ஊறப்போட்ட கடலை, அடுப்பில் நன்றாகக் குழைந்துவிட்டது. வடித்த தண்ணீர் மஞ்சளாக, விரலில் தொட்டால் வழுவழுவென்று இருந்தது. தம்பி ஓடிவந்து, "அக்கா கொட்டாத!" என்று கத்தினான். முட்டை சாப்பிடாத விருந்தாளிகளுக்கு அவர்கள் பாரிலும் கடலைத் தண்ணீர்தானாம். உப்புப் போடுவதற்கு முன் வடித்து, ஆறவைத்து, ஒரு கிளாஸுக்கு 25 மில்லி. குலுக்கினால் முட்டையைவிடச் சின்னக் குமிழியாக, கெட்டியாக நிற்கிறது. தேசிக்காய் பட்டதும் கடலை வாசம் காணாமல் போய்விட்டது. தண்ணீர் ரொம்ப நீர்த்திருந்தால் மட்டும் திரும்ப அடுப்பில் வைத்து வற்றவிடுங்கள். முட்டையா கடலையா என்றால் நான் கடலைப் பக்கம்.

மேலே வாசத்துக்குப் பாரில் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு சொட்டுவார்கள். நமக்குச் சாதிக்காயை அப்படியே துருவினால் போதும், அந்த வாசம் நுரைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு மடக்குக்கும் மூக்கில் ஏறும்.

குலுக்குவதற்கென்று தனிச் சாமான் வாங்காதீர்கள். இறுக்கமான மூடியுள்ள எந்த வாயகன்ற போத்தலும் சரி. எந்தப் போத்தலும் என்று சொன்னேனே, அதில் ஒரு திருத்தம்: அச்சாறு போட்ட போத்தல் வேண்டாம். மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவித்தான் எடுத்தேன். மூடியின் ரப்பருக்குள் ஒளிந்திருந்த கடுகும் வினாகிரியும் ஐஸோடு சேர்ந்து வெளியே வந்து, அன்று நாலு கிளாஸும் மாங்காய் அச்சாறாகிவிட்டது. ஹோர்லிக்ஸ் போத்தல்தான் இப்போது நிரந்தரம். ஐஸை முக்கால்வாசி நிரப்பி, துணி சுற்றி, பன்னிரண்டு வரை எண்ணிக் குலுக்கினால் வெளிப்பக்கம் பனி பூக்கும். அதுதான் அடையாளம்.

ஆக, எங்கள் வீட்டுச் சவர்: முதிர்ந்த தென்னஞ்சாராயம் 70, தேசிக்காய்ச் சாறு 25, சிவப்புச் சீனிப் பாகு 25, கடலைத் தண்ணீர் 25. ஐஸில்லாமல் ஒருதரம், ஐஸோடு ஒருதரம். தேயிலைத் தூளில் சாராயத்தை ஊறவைத்தும் பார்த்தோம், சொல்லாமல் விட்டால் மலைநாட்டுக்காரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. கால் போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி பி.ஓ.பி. ரகத் தேயிலை, ஒரு மணி நேரம். அதற்குமேல் விட்டால் நாக்கு வறளும். நல்லாத்தான் இருந்தது. ஆனால் நாள் முழுக்கத் தேயிலைக்கு நடுவில் இருந்துவிட்டு மாலையில் கிளாஸிலும் தேயிலையா என்று மாமா கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

இதெல்லாம் குளிர்ந்த கிளாஸ். ஜூலையில், கொழுந்து மலை தெரியாமல் பனிமூட்டம் மூடி, காற்று தகரத்தைத் தூக்கப் பார்க்கிற இரவில் யார் ஐஸ் குலுக்குவது? அப்போது அதே மது, புளிப்பு, இனிப்பு மூன்றையும் சுடுதண்ணீரில் சேர்த்துவிடலாம், ஹொட் டொடி என்பார்கள். டொடி என்ற சொல்லே இந்தியில் கள்ளுக்குச் சொல்லும் 'தாடி' என்ற சொல்லிலிருந்து போனது. ஸ்கொட்லாந்துக்காரர் அதில் விஸ்கி ஊற்றிக்கொண்டார்கள், நாம் சாராயம் ஊற்றினால் கள்ளு கள்ளோடு சேர்கிறது, அவ்வளவே. இங்கேதான் கித்துள் பழிதீர்த்துக்கொள்கிறது. சூட்டில் அதன் புகை வாசம் மேலே எழும்பி, சாராயத்தை அமுக்காமல் தோளில் கைபோட்டுக்கொள்கிறது. சீனிப்பாகு போட்ட டொடி அதன் பக்கத்தில் மருந்துத் தண்ணீர்.

முறை எளிது. 150 மில்லி தண்ணீரில் இரண்டு கராம்பு, ஒரு துண்டு கறுவா, நசுக்கிய இஞ்சி போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். அதில் கித்துள் பாணி 20 மில்லி, கரைந்தபின் தேசிக்காய் 10, கடைசியாகச் சாராயம் 45. அடுப்பில் இருக்கும்போது சாராயத்தை ஊற்றக் கூடாது. சுத்த மதுசாரம் 78 பாகையிலேயே கொதித்துவிடும், வாசமெல்லாம் கூரைக்குப் போய்விடும். மலைநாட்டில் இதற்கொரு சின்ன வசதியும் உண்டு. உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும், 1868 மீற்றர் உயர நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையில். அதனால் வாய் சுடாத பதத்துக்கு ஆறவும் கொஞ்சம் குறைவான நேரம் போதும்.

விருந்துக்கு, வெயில் நாளுக்கு, நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் மாலைக்குச் சவர். தனியாக இருமிக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் இரவுக்கு டொடி. போத்தல் ஒன்றுதான், அதனால் எதையும் இரண்டு தரம் வாங்கத் தேவையில்லை.

தம்பி திரும்பிப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாமாவை வரச்சொல்லி, நுரை நிற்க, சாதிக்காய் தூவி, கண்ணாடிக் கிளாஸில் ஒரு சவர் வைத்துக் கொடுத்தோம். ட்ரேயிலிருந்து எடுக்கக் கொஞ்சம் தயங்கினார். பிறகு எடுத்து, மீசையில் நுரை ஒட்ட ஒரு மடக்குக் குடித்தார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு மடக்குக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"கடலைத் தண்ணியத்தான ஊத்துனீங்க," என்றார். "அப்ப அந்தக் கடலை எங்கம்மா?"